டிராமுக்கு ஒரு ஸ்டேரிங்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச வராது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்த இத்தனை வருஷமும் தொட்டில் பிள்ளைகளோடு பேசியதுதான் அதிகம். அப்படிப்பட்டவள் எழுத உட்காருவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் என்னோடு தோட்டத்துப் பள்ளிக்கூட வாங்கில் உட்கார்ந்திருந்த நீங்கள், இப்போது மூட்டு வலியும் சீனி வருத்தமுமாக இருக்கும் நீங்கள், போன மாதம் ஒரு சாவு வீட்டில், எப்போதோ செத்துப்போன என் பெரியப்பாவைப் பற்றிப் பேசினீர்கள். கொழும்பெல்லாம் பார்த்த மனுஷன், எத்தனை பிள்ளைகளுக்கு வழி காட்டினார் என்றீர்கள். செத்தவர்களைக் குறை சொல்லக் கூடாது என்றும் ஒருவர் சொன்னார். நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். வீட்டுக்கு வந்ததும் இதை எழுதத் தொடங்கினேன்.

பெரியப்பா அப்பாவின் அண்ணன். கொழும்பில் இருந்தார். தீபாவளிக்கும் சித்திரை மாதத் தேருக்கும் தோட்டத்துக்கு வருவார். அவர் வருவதற்கு முன்னால் அவருடைய பவுடர் வாசம் வரும். சப்பாத்தைக் கழற்றாமல் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் நுழைவார். எங்களிடம் இருந்த ஒரே கதிரையில் அவர் உட்காருவார். அப்பா வாசற்படியில் உட்காருவார். அம்மா கோழி அடிப்பாள். சாப்பிட்டு முடிந்ததும் கதை தொடங்கும். எல்லாக் கதையும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "நான் டிராம் ஓட்டின காலத்துல..."

டிராம் கொழும்புத் தெருக்களில் கரண்டில் ஓடிய வண்டி. நாங்கள் பிறப்பதற்கு முன்பே அதை நிறுத்திவிட்டார்கள். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் யாரும் அதைப் பார்த்ததில்லை. பெரியப்பா சொல்லித்தான் தெரியும். பஸ்ஸைவிட நீளம், உள்ளே மெத்தை வைத்த டிரைவர் ஸீட்டு, அதில் இவர் தொப்பியோடு உட்கார்ந்திருப்பார். தெரு முடிகிற இடத்தில் வண்டியை ஒரே வெட்டில் திருப்புவாராம். அதைக் காட்டுவதற்காகச் சோற்றுப் பீங்கானை இரண்டு கையாலும் பிடித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, வலப்பக்கமாக முழுச் சுற்று சுற்றுவார். அப்பா வாய் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்பா ஏன் அப்படி மயங்கினார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பசறை ரோட்டில் பஸ் ஏறி வளர்ந்தவர்கள்தானே நாம். கொண்டை ஊசி வளைவில் ஒருவன் எப்படி ஸ்டேரிங்கை வெட்டுகிறான் என்பதை வைத்துத்தான் நம் ஆட்கள் டிரைவரை மதிப்பார்கள். நம் தேரை நினைத்துப் பாருங்கள். அம்மன் கோயிலிலிருந்து தேயிலை அரைக்கும் ஸ்டோரடி வரைக்கும் சுகமாக இறங்கும். அங்கே ரோடு முடிந்ததும் அதைத் திருப்புவதற்குள் ஆம்பிளைகள் எல்லோரும் முட்டுக்கட்டையோடு மல்லுக்கட்டி வியர்த்துக் கொட்டுவார்கள். அவ்வளவு நீள வண்டியைத் தனி ஆளாகத் திருப்பியவன் என்றால் அவன் சொன்னது எதையும் அப்பா நம்பினார்.

அதனால்தான் அக்காவைக் கொடுத்தார். அக்காவுக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். கொழும்பில் நல்ல குடும்பம், சும்மா கூட மாட இருந்தால் போதும், பள்ளிக்கூடமும் அனுப்புவார்கள் என்று பெரியப்பா கூட்டிக்கொண்டு போனார். இரண்டு தேர்த் திருவிழாவுக்கு அக்கா இல்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் அவரே கொண்டுவந்து விட்டார். அக்காவின் வலது புறங்கையில் தோல் சுருங்கி, ரோஜா நிறத்தில் ஒரு தழும்பு இருந்தது. விரல்கள் முழுசாக மடங்கவில்லை. கொழுந்து பறிக்கும் கை அது.

அந்த வீட்டு அம்மா சூடான தோசைக் கரண்டியை வைத்து அழுத்தினாள் என்று அக்கா அம்மாவிடம் சொன்னாள். அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா பெரியப்பாவிடம் கேட்டார். இவளே அடுப்பில் கையை வைத்துவிட்டு வேலைக்குப் பயந்து கதை கட்டுகிறாள் என்று பெரியப்பா சொன்னார். அப்பா இரண்டு நாள் யோசித்தார். பிறகு, "அண்ணே ஒரு நாளும் பொய் சொன்னதில்ல" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனார்.

அடுத்து வந்த தைப்பொங்கலுக்குப் பெரியப்பாவிடமிருந்து ஆள் மூலம் செய்தி வந்தது. தேருக்கு வரும்போது சின்னவளைக் கூட்டிப் போகிறேன், அதே வீட்டில் கேட்கிறார்கள் என்று. சின்னவள் நான்தான்.

உங்களுக்கு என்னைப் பற்றி இருந்த ஞாபகம் எனக்குத் தெரியும். மக்கு. பேசாதது. மாஸ்டர் கேள்வி கேட்டால் பாவாடை நுனியைச் சுருட்டிக்கொண்டு நிற்கும். மாஸ்டரே அப்பாவிடம், இதைப் படிக்க வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை, ஒரு வீட்டில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று சொன்னார். நல்ல மனுஷன்தான், நல்லதாக நினைத்துத்தான் சொன்னார். அப்பா அதையும் பெரியப்பாவின் பேச்சோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

அக்காவும் வந்த நாளிலிருந்து அதிகம் பேசவில்லை. ஒரு மத்தியானம் அம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது, அடுப்புச் சாம்பலை முறத்தில் பரப்பி, விளக்குமாற்றுக் குச்சியால் ஏதோ கீறினாள். நீளமான வண்டி. ஜன்னல்கள். மேலே சாய்ந்த ஒரு கம்பி. என்ன என்று கேட்டேன். டிராம் என்றாள். அந்த வீட்டு ஹாலில் கண்ணாடி அலுமாரிக்குள் ஒரு பித்தளை டிராம் இருந்ததாம். அந்த வீட்டு ஐயாவின் தகப்பன் ஆசைப்பட்டுச் செய்வித்தது. உண்மை வண்டியில் உள்ள எல்லாம் அதில் குட்டியாக இருக்குமாம். வருகிறவர்களுக்கெல்லாம் அதை எப்படி ஓட்டுவார்கள் என்று ஐயா விளக்குவாராம். தினமும் அதை வெளியே எடுத்து, கோழி இறகால் தூசி தட்டி, ஒவ்வொரு சக்கரமாகத் துடைத்து வைப்பது அக்காவின் வேலை.

நான் கேட்டேன், பெரியப்பா உட்கார்ந்த மெத்தை ஸீட்டு எங்கே என்று. அக்கா குச்சியைக் கீழே வைத்தாள்.

"ஸீட்டே கெடையாது. டிரைவர் நின்னுக்கிட்டுத்தான் ஓட்டணும். ஸ்டேரிங்கும் கெடையாது" என்றாள்.

"அப்ப எப்புடித் திருப்புறது?"

"திருப்ப வேணாம் புள்ள. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. டிரைவர்தான் கைப்பிடியக் கழட்டிக்கிட்டு மத்தப் பக்கம் போவாரு. மேல இருக்க கம்பிய மட்டும் திருப்பி விடணும்."

பெரியப்பா டிராம் ஓட்டியதே இல்லை. ஓட்டியவர் ஸ்டேரிங்கைச் சுற்றிக் காட்ட மாட்டார். ஆனால் இதைப் போய் அப்பாவிடம் சொன்னால், பிள்ளைகள் சேர்ந்து இன்னொரு கதை கட்டுகிறார்கள் என்பார். பெரியப்பா தன் வாயால், தன் கையால், அப்பாவின் கண் முன்னால் மாட்ட வேண்டும். ஒரே ஒரு பொய்யை அப்பா பார்த்துவிட்டால் போதும். இதை யோசித்தது நான். மக்கு என்று நீங்கள் சொன்ன அதே நான்.

பிள்ளைத் தேர் உங்களுக்கு மறந்திருக்காது. பெரிய தேர் கோயிலுக்குத் திரும்பிய மறுநாள், பிள்ளைகள் தாங்களே செய்த சின்னத் தேரை லயத்து வாசலெல்லாம் இழுத்துப் போவோமே, அது. வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிகளில் மூத்தவர்தான் அதற்குத் தேங்காய் உடைக்க வேண்டும். உடைப்பதற்கு முன் தேரைச் சுற்றி வந்து பார்த்து, பழுது இருந்தால் தன் கையால் சரி செய்து, "பழுதில்ல" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். பெரிய தேருக்கு ஆசாரி சொல்கிற மாதிரி. சொன்ன பிறகுதான் வடத்தைத் தொடலாம். விருந்தாளிகளில் எந்த வருஷமும் மூத்தவர் பெரியப்பாதான்.

அந்த வருஷம் எங்கள் லயத்துப் பிள்ளைத் தேர் டிராம் என்று முடிவு செய்தோம். அம்மா முதலில் விடவில்லை. "அம்மாளைப் போய் டிராமுல ஏத்துறதா?" என்றாள். அக்கா, ஏறினால் என்ன, நடக்கத் தேவையில்லையே என்றாள். கொழும்பிலிருந்து வந்த பிறகு அவள் சொன்ன முதல் பகிடி அதுதான். அதற்குப் பிறகு அம்மா தடுக்கவில்லை.

ஸ்டோரில் உடைந்த தேயிலைப் பெட்டி ஒன்று கிடைத்தது. பலகை மெல்லிசு, மூக்கை வைத்தால் தேயிலைத் தூள் வாசம் வரும். அக்கா பித்தளை வண்டியைத் துடைத்துத் துடைத்து அதன் அளவெல்லாம் விரலில் வைத்திருந்தாள். படி ஒரு விரல் அகலம், ஜன்னல் இரண்டு விரல் உயரம் என்பாள். அதில் ஒரு விரல் என்றால் எங்களுடையதில் மூன்று விரல். அந்தக் கணக்கை அவள் எங்கேயும் தப்ப விடவில்லை. நான் ஒரு ஜன்னலைக் கொஞ்சம் பெரிதாக வெட்டிவிட்டேன் என்று அந்தப் பக்கப் பலகை முழுவதையும் கழற்றச் சொன்னாள்.

சக்கரத்துக்குத் தையல்காரரிடம் வெறும் நூல்கட்டைகள் வாங்கினோம். நூல்கட்டையை நடுவில் அறுத்தால் ஓரத்தில் விளிம்பு வைத்த சக்கரம் கிடைக்கும். தண்டவாளத்தில் ஓடுகிற சக்கரத்துக்கு அந்த விளிம்பு வேண்டும். பெட்டி விளிம்பில் அடித்திருந்த தகரத்தை நிமிர்த்தித் தண்டவாளம் செய்தோம். ஸீட்டுகள் தீப்பெட்டி. டிராம் திரும்பாது, அதனால் ஸீட்டின் முதுகுதான் திரும்ப வேண்டும் என்று அக்கா சொன்னாள். முதுகுக்கு மூங்கில் பட்டை வைத்து ஊசியில் கோர்த்தோம். தட்டினால் அந்தப் பக்கம் சாயும். மணிக்கு ஒரு சலங்கை முத்து. கைப்பிடிக்கு அம்மாவின் கொண்டை ஊசி. அது ஒன்றுதான், எந்தப் பக்கம் ஓட்டுகிறோமோ அங்கே செருக வேண்டும். மாவுப் பசையைக் கரப்பான் தின்றுவிடும் என்று பசையில் வேப்பெண்ணெய் கலந்தோம். அந்த நாற்றம் எங்கள் காம்பராவை விட்டுப் போக வெகு நாள் ஆனது.

கடைசியில் மேலே நிற்கும் கம்பி. உடைந்த குடையின் கம்பி ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். அதைப் பொருத்தும்போது அக்காவின் கை நின்றுவிட்டது.

"இதத்தான் ஒடச்சேன்" என்றாள். "துடைக்கிறப்ப வளைஞ்சிருச்சு. நிமித்தப் பாத்தேன், ஒடஞ்சு போச்சு. அதுக்குத்தான் சூடு."

அவளே சொன்னாள்.

"அன்னைக்குப் பெரியப்பா வந்திருந்தாரு. குசினி வாசல்ல நின்னுக்கிட்டுத்தான் இருந்தாரு. நான் பெரியப்பா பெரியப்பான்னு கத்துறேன். 'பழகிக்கும் அம்மா, சின்னப் புள்ள'ன்னு அந்த அம்மாகிட்டச் சொன்னாரு."

பிறகு கம்பியைத் தானே பொருத்தினாள். ஆட்டிப் பார்த்து, இன்னொரு ஆணி அடிக்கச் சொன்னாள். அன்றிரவு நான் இதை அம்மாவிடம் சொன்னேன்; அம்மா சொல்லியும் அப்பா காதில் வாங்கவில்லை. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இப்போதும் அப்படியே இருக்கிறது. கோபம் வயசோடு போய்விடும் என்று சொல்பவர்களுக்கு எந்த மாதிரிக் கோபம் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

கொழும்பு தெரிந்த ஒரு பெரிய ஆளும் வேண்டியிருந்தது. டிராமின் மேல் ஓடுகிற கரண்டுக் கம்பிக்காகத் தோட்டத்து லொறிக்கார மாமாவிடம் பழைய வயர் கேட்கப் போனேன். அவர் எங்களுக்குச் சொந்தமில்லை. மேல் லயத்துக்காரர், தேயிலை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய் வருகிறவர். பெரியப்பாவின் கதைகள் எங்கள் காம்பராவைத் தாண்டாததால் அவர் காதுக்கு ஒன்றும் போனதில்லை. எதற்கு வயர் என்று கேட்டார். டிராம் என்றேன். உடனே, தான் புதிதாக லொறி பழகிய நேரம் கொழும்பு ரோட்டில் டிராம் தண்டவாளம் அப்படியே பதிந்து கிடந்ததையும், மழை பெய்தால் டயர் அதில் ஏறி வழுக்குவதையும் சொன்னார். நான் வயரை வாங்கிக்கொண்டு, பிள்ளைத் தேருக்கு வாங்க மாமா என்றேன். அவ்வளவு நீளமாக ஒரு வெளி ஆளிடம் நான் பேசியது அதுவே முதல் தடவை.

பெரியப்பா தேருக்கு முதல் நாள் வந்தார். பையிலிருந்து ஒரு கவுன் எடுத்தார். மஞ்சள் நிறம், கழுத்தில் வெள்ளை லேஸ், வலப்பக்கம் மட்டும் ஒரு பை. எனக்கு வைத்துப் பார்த்து, "அளவெடுத்த மாதிரி இருக்கு. திங்கக்கெழம வெள்ளனப் பஸ்ஸுல போயிருவோம்" என்றார். அம்மா அதை மடித்து மறுபடியும் அவர் பைக்குள்ளேயே வைத்தாள். நான் அன்றைக்கு அது அவளுடைய ஒழுங்கு என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நமுனுகுல மலைப் பக்கம் மூட்டமில்லை. லயத்து வாசலில் தகரத் தண்டவாளத்தைப் போட்டு, அதன் மேல் டிராமை நிறுத்தி, ஒரு சாமந்திப் பூவோடு அம்மன் படத்தை உள்ளே வைத்தோம். பெரியவர்கள் சுற்றி நின்றார்கள். லொறிக்கார மாமா போய்விடக் கூடாது என்று சுண்டலை முதலில் அவர் கையில்தான் கொடுத்தேன்.

பெரியப்பாவைத் தேங்காய் உடைக்கக் கூப்பிட்டார்கள். அவர் டிராமைப் பார்த்ததும் சிரித்தார். ஆனால் கொஞ்சம் நேரம் எடுத்துத்தான் சிரித்தார். தேங்காயைக் கையிலெடுத்து, "சின்னப் புள்ளைங்க வெளையாட்டுத்தானே, ஒடச்சிருவோம்" என்றார். அப்பாவும், ஆமாண்ணே, ஒடைங்க என்றார். அப்படியே விட்டிருந்தால் எல்லாம் போயிருக்கும். அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"பழுது பாக்கணும் பெரியப்பா. நீங்கதான் ஓட்டுனீங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இது பேசுமா என்கிற மாதிரி. அப்பாவின் முகம் மலர்ந்தது. அண்ணன் டிராம் ஓட்டியவர் என்பது அன்றைக்குத்தான் எல்லோர் காதிலும் விழுகிறது. "ஆமாமா, அண்ணே ஓட்டினவர்தான்" என்று அக்கம் பக்கம் சொன்னார்.

பெரியப்பா குனிந்து சுற்றி வந்தார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். "எது முன்னுக்கு, எது பின்னுக்குன்னே தெரியாமச் செஞ்சிருக்கு" என்றார். "ஸ்டேரிங்கு எங்க? டிரைவர் ஸீட்டு எங்க? பொம்பளப் புள்ளைங்க செஞ்சா இப்படித்தான்." சிரித்தார்கள். தரையில் கிடந்த ஒரு சோடா மூடியை எடுத்தார். ஆணி கேட்டார்; நானே எடுத்துக் கொடுத்தேன். தேங்காய்க் கத்தியின் பின்பக்கத்தால் டிராமின் ஒரு முனையில் அந்த மூடியைத் தன் கையாலேயே அறைந்தார். ஸ்டேரிங் மாதிரி அதைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். சுற்றியது.

"இப்ப பழுதில்ல" என்றார் சத்தமாக.

பிறகு யாரும் கேட்காமலே, தெரு முடிகிற இடத்தில் எப்படித் திருப்புவேன் என்று காட்டுவதற்காக டிராமின் முனையைப் பிடித்து ஒரே இழுவையாக வளைத்தார். சக்கரம் தகரத்தில் கிறீச்சிட்டது. ஒரு நூல்கட்டை கழன்று உருண்டு லொறிக்கார மாமாவின் காலடியில் போய் நின்றது.

அவர் அதை எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்தார். "அண்ணே, தண்டவாளத்துல ஓடுறத எப்புடித் திருப்புனீங்க?" என்று கேட்டார். உண்மையாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"டிராமுக்கு ஏதுப்பா தண்டவாளம்? அது ரோட்டுல போறது."

"ரோட்டுலதான். ரோட்டுக்குள்ள பதிச்ச தண்டவாளத்துல. எத்தன தரம் என் லொறி அதுல வழுக்கியிருக்கு. கொழும்புக்குப் போன எந்த லொறிக்காரனக் கேட்டாலும் சொல்லுவான்."

பெரியப்பா, அது வேற, நான் ஓட்டினது வேற மாதிரி என்றார்.

"அப்ப நம்ம பதுள ரயிலுக்கும் ஒரு ஸ்டேரிங்கு பூட்டிக் குடுங்கண்ணே. தெமோதரையில மலையச் சுத்தி வளையம் போடாம ஒரே வெட்டுல ஏத்திருவானுங்க."

நீங்களும் அங்கே இருந்தீர்கள். எப்படிச் சிரித்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். கங்காணி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். யாரோ ஒரு பையன் காற்றில் ஸ்டேரிங்கைச் சுற்றி உறுமிக்கொண்டு ஓடினான். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் நடந்து வந்து, டிராமையும் சோடா மூடியையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அக்காவின் வலது கையை எடுத்து, உள்ளங்கையில் வைத்து, புறங்கையைத் தடவினார். அவள் வந்த நாளிலிருந்து அந்தக் கையை அவர் தொட்டுப் பார்த்தது அப்போதுதான்.

"அண்ணே, இது நடந்தப்ப நீங்க அங்க நின்னீங்களா?"

பெரியப்பா கைக்கடிகாரத்தின் வாரை இழுத்து விட்டுக்கொண்டார். அம்மா உள்ளே போய் அவருடைய பையை எடுத்து வந்து, அவர் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். தேங்காயை லொறிக்கார மாமாதான் உடைத்தார்.

அதற்குப் பிறகு அவருக்குத் தோட்டத்தில் பெயர் ஸ்டேரிங்கு. கடைசி வரைக்கும் அதுதான். பசறைச் சந்தையில் நடந்தால் பின்னால் பையன்கள் காற்றில் சுற்றுவார்கள். அவருடைய மகள் கலியாணத்தில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் காரணம் தெரியாமல், ஏன் உங்களை ஸ்டேரிங்கு என்கிறார்கள் என்று பந்தியில் கேட்டாராம். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாராம். இதை என்னிடம் சொன்னவர்கள் பாவம் என்றார்கள். நான் அன்று இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன். அவர் செத்த வீட்டுக்கும் போனேன். முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அழவில்லை.

டிராம் அடுப்புக்கு மேல் பரணில் ஒழுகி ஊறி உக்கிப் போனது. சலங்கை முத்தை என் மகள் சிறு பிள்ளையில் தொலைத்துவிட்டாள். அந்தச் சோடா மூடி மட்டும் என்னிடம் இருக்கிறது, அவர் அறைந்த ஆணியோடு. அன்றைக்கே பிடுங்கி வைத்துக்கொண்டேன். அவருக்கு வழி காட்டியவர் என்று பெயர் வைக்கிறவர்கள் வந்து பார்க்கலாம். அக்காவுக்கு இன்றைக்கும் அந்தக் கையால் சட்டைப் பொத்தான் போட முடியாது.

அந்தப் பிள்ளைத் தேருக்கு மறுநாள் திங்கட்கிழமை. நான் பள்ளிக்கூடம் போனேன். வாசல் வளைவில் காலைப் பஸ் மெதுவாகத் திரும்பியது. பெரியப்பா உள்ளே உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஜன்னலோரமாக என் வயசில் ஒரு பிள்ளை இருந்தாள். எங்கள் தோட்டமில்லை, எனக்குத் தெரியாத பிள்ளை. தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தது. அந்த மஞ்சள் கவுனைப் போட்டிருந்தாள்.